தள்ளுவதா, கேபிள் மாட்டுவதா, பூஸ்டர் வைத்துக்கொள்வதா?

சாவியைத் திருப்பினால் கார் எடுக்கவில்லை. சுற்றி நாலு பேர் இருந்தால் நாலு வைத்தியம் வரும். தள்ளலாம் என்பார் ஒருவர், கேபிள் இருக்கிறதா என்பார் இன்னொருவர், பேட்டரி போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்று தீர்ப்பே சொல்லிவிடுவார் மூன்றாமவர். எல்லாமே பேட்டரி டவுன் என்று முடிவுகட்டிய பிறகு வரும் யோசனைகள். அந்த முடிவு சரியா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

சத்தத்தைக் கவனியுங்கள். 'டிக்டிக்டிக்' என்று வேகமாக அடித்து, டேஷ்போர்டு விளக்குகளும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு 'டக்', அதோடு மௌனம், ஹெட்லைட் மட்டும் பளிச்சென்று எரிகிறது என்றால் இன்ஜினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டார் அல்லது அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான சொலினாய்டு மீதுதான் சந்தேகம். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லையா? அப்போது பேட்டரியை விட்டுவிடுங்கள். பெட்ரோல் வருகிறதா, ஸ்பார்க் வருகிறதா, சாவிப் படம் போட்ட இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு மின்னுகிறதா என்று பார்க்க வேண்டிய இடம் அது. ஆட்டோமேட்டிக் வண்டியில் சத்தமே இல்லையென்றால் கியரை நியூட்ரலில் போட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். சில நேரம் கியர் லிவரின் சுவிட்ச்தான் குற்றவாளி.

இதைப் பார்க்காமல் நான் ஒருமுறை புது பேட்டரியே வாங்கி மாட்டினேன். மறுவாரம் அதே டிக்டிக். கடைசியில் பார்த்தால், பேட்டரியின் மைனஸை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் கேபிளின் போல்ட் தளர்ந்திருந்தது. ஒரு ஸ்பானரோடு முடிய வேண்டிய வேலை. அதிலிருந்து பானெட்டைத் திறந்ததும் முதலில் டெர்மினல்களைக் கையால் அசைத்துப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் மைனஸை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த வெந்நீர் விட்டுத் தேய்த்துத் துடைத்து, மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள்.

சரி, பேட்டரிதான் என்று தெரிந்துவிட்டது. இனி வழிகளுக்கு வருவோம்.

தள்ளி ஸ்டார்ட் செய்வதற்குச் செலவில்லை, கருவி வேண்டாம், ஆள் மட்டும் போதும். சாவியை ஆன் செய்து, கிளட்சை மிதித்து, இரண்டாம் கியரில் வைத்து, வண்டி ஓரளவு வேகம் பிடித்ததும் கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். முதல் கியர் என்றால் வண்டி குலுங்கி நின்றுவிடும். இதன் வரம்புகளோ நிறைய. ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. பேட்டரி அடியோடு செத்திருந்தால் மேனுவலிலும் நடக்காது. பெட்ரோல் பம்ப்பும் இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரும் வேலை செய்யக் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். இன்ஜின் ஓடும்வரை பிரேக் கல்லாக இருக்கும், ஸ்டியரிங் கனக்கும். பெட்ரோல் வண்டியில் திரும்பத் திரும்ப முயன்றால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் போய்ச் சேர்ந்து அதைக் கெடுக்கும். என்னைக் கேட்டால் இது வேறு வழியே இல்லாதபோது கையாள வேண்டியது. சரிவான சாலை என்றால் ஆசை காட்டும்; பிடிக்கவில்லையென்றால் சரிவின் அடியில் நிற்பீர்கள்.

இரண்டு வண்டிகளின் பேட்டரிகளை இணைக்கும் ஜம்பர் கேபிள்தான் என் தேர்வு. அதில் சார்ஜ் தீரப்போவதில்லை, பத்து வருடம் டிக்கியில் கிடந்தாலும் கெட்டுப்போவதில்லை. குறை ஒன்றே ஒன்று: உதவ இன்னொரு வண்டி வேண்டும். அதுவும் 12 வோல்ட் வண்டியாக இருக்க வேண்டும். பல லாரிகள் 24 வோல்ட், அவற்றோடு சேர்க்கவே கூடாது. வாங்கும்போது ரப்பர் உறையின் தடிமனைப் பார்த்து ஏமாறாதீர்கள், உள்ளே இருக்கும் செம்புதான் கணக்கு. செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் ஓடும். மெல்லிய கம்பி சூடாகுமே தவிர வண்டியை எழுப்பாது.

மாட்டும் வரிசையும் முக்கியம். செத்த பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் பிளஸ், நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசியாக டவுனான வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பு. கடைசி கிளிப்பில் பொறி பறக்கும். பேட்டரி அருகே ஹைட்ரஜன் வாயு இருக்கலாம் என்பதால்தான் அதைத் தள்ளி மாட்டச் சொல்கிறார்கள். மற்ற வண்டியை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துச் சாவியைத் திருப்புங்கள். கழற்றும்போது இதே வரிசை தலைகீழாக.

தனியாக அதிகம் பயணிப்பவருக்கு, கையோடு கொண்டுபோகும் சின்ன பேட்டரிப் பெட்டியான லித்தியம் பூஸ்டர் கேபிளைவிட மேல். யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அதற்கே சார்ஜ் போட மறந்தால் அதுவும் ஒரு செங்கல்தான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர் கணநேர உச்சம், நீடித்து வருவதில்லை. பேட்டரி ஒரேயடியாக வடிந்திருந்தால் பல பூஸ்டர்கள் அதைப் பேட்டரி என்றே அடையாளம் காணாது; அதற்கென இருக்கும் பட்டனை அழுத்தினால், பிளஸ் மைனஸ் மாறினால் காப்பாற்றும் பாதுகாப்பு பெரும்பாலும் போய்விடும். வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டிலும் அதை வைக்க முடியாது.

வீட்டில் நிற்கும் வண்டிக்கு இவை எதுவும் வேண்டாம், சார்ஜர் போதும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியை 4 ஆம்பியரில் நிரப்பக் கிட்டத்தட்ட ஒரு இரவு ஆகும். மெதுவாக ஏறுவதே அதற்கு நல்லது. அரை மணி ஓட்டினால் நிரம்பிவிடும் என்று நம்பி மறுநாள் காலையில் மறுபடி கேபிள் தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

அப்புறம், எந்த வழியில் எழுப்பினாலும் மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பொதுவாகச் சரி. 12-லேயே நின்றால் புது பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி, ஒரு இரவு விட்டு, இன்ஜினைப் போடாமல் அளந்தால் 12.6 அளவில் இருக்க வேண்டும். இருந்தும் செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. சரியவில்லை, ஆனாலும் இரண்டு நாள் நின்றதுமே டவுனாகிறதா? நிறுத்திப் பூட்டிய காரில் ஏதோ மின்சாரம் குடிக்கிறது. 50 மில்லிஆம்பியர் வரை சகஜம். அந்த அளவில் முழு பேட்டரி காலியாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டு நாளில் காலியானால் முதலில் டிக்கி விளக்கைப் பாருங்கள்.