குவெட்சால்கோட்லஸா, ஹாட்செகோப்டெரிக்ஸா?

கோத்தகிரியில் தேயிலைச் சரிவுக்கு மேலே ஒரு கருங்கழுகு சிறகசைக்காமல் வட்டமடித்துக்கொண்டிருந்தது. "மாமா, இதைவிடப் பெருசா பறந்தது எது?" என்று அக்கா பையன் ஆரம்பித்தான். பதில் ஒன்றல்ல, இரண்டு. இரண்டுமே டைனோசர் காலத்தின் கடைசியில் வாழ்ந்த, பல்லே இல்லாத பறக்கும் ஊர்வன, இறக்கை விரிப்பும் சுமார் 10 மீட்டர். அதில் பெரிய வித்தியாசம் இல்லை. தாடையில்தான் விஷயமே இருக்கிறது.

குவெட்சால்கோட்லஸின் எலும்பு 1971இல் டெக்சாஸில் கிடைத்தது, ஆனால் அந்தப் பெரிய இனத்துக்குக் கிடைத்தவை இறக்கை எலும்புகள்தான், தாடை எப்படி இருந்தது என்பதை அதன் சின்ன உறவுக்கார இனத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். நாரை அலகு மாதிரி நீண்டு ஒல்லியானது, கழுத்தும் அப்படியே. இடுக்கி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ருமேனியாவின் ஹாட்செகோப்டெரிக்ஸ், 2002இல் பெயர் பெற்றது, குறடு. தாடை மூட்டுப் பக்கம் மண்டையோட்டின் அகலமே அரை மீட்டர், கழுத்து எலும்பு குட்டையாக, தடியாக இருக்கும். இவ்வளவு கனத்தோடு எப்படிப் பறந்தது? மண்டையோட்டு எலும்பை உடைத்துப் பார்த்தால் உள்ளே தெர்மாகோல் மாதிரி குட்டிக் குட்டி அறைகள், நடுவே மெல்லிய எலும்புச் சுவர்கள். டிவி பெட்டியில் வரும் அதே வெள்ளைத் தெர்மாகோல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அது வாழ்ந்த இடம் அப்போது தீவு, பெரிய ஊனுண்ணி டைனோசர் அங்கே கிடைக்கவில்லை. அந்த வேலையை இதுவே பார்த்திருக்கும் என்கிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான்.

"அப்போ ஆட்டைத் தூக்கிட்டுப் போகுமா?"

தூக்காதுடா, காலில் அந்தப் பிடி கிடையாது. நாலு காலில் நடந்து வந்து, வாயாலேயே கொத்தும்.