ஆறு வருஷமாகச் செம்புக் குண்டு: மான் விழுகிறது, எங்கே என்றுதான் தெரிவதில்லை

ஆபீஸ் நண்பன் ஒருவன் போன வாரம் .308 அங்குலக் குண்டு போடும் ரைஃபிள் வாங்கிவிட்டு, "அண்ணே, மானுக்கும் பன்றிக்கும் சேர்த்து ஒரே குண்டாச் சொல்லுங்க" என்று கேட்டான். வேறு நாளாக இருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். சனிக்கிழமை ராத்திரிக்கு அப்புறம் கேட்டுவிட்டான்.

நான் இருப்பது சான் அன்டோனியோ. வேட்டை கெர்வில் பக்கம், ஒரு பெரியவரின் பண்ணையில். பெரும்பாலும் நம் ஊர்ப் புள்ளிமான்தான்; கிண்டியில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோமே, அதே. 1930களில் டெக்சாஸுக்குக் கொண்டுவந்தார்கள், கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது. வெளியூர் இனம் என்பதால் தடைக்காலமே கிடையாது. ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தொட்டால் ஜெயில். இங்கே வேட்டை லைசென்ஸும் நிலத்துக்காரர் சம்மதமும் இருந்தால் போதும். தனியார் நிலத்தில் காட்டுப்பன்றிக்கு 2019 செப்டம்பரிலிருந்து லைசென்ஸ்கூட வேண்டாம்.

நான் போடுவது 150 கிரெயின் முழுச் செம்புக் குண்டு. எடை ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. முன்பு 165 கிரெயின் ஈயக் குண்டு, மேலே மெல்லிய செம்புத் தோல் போட்டது. செம்புக்கு மாறினால் எடையை ஒரு படி இறக்குவது வழக்கம். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைவு. அதே எடைக்கு நீளமாகிவிடும். எடை குறைந்தால் வேகம் கூடும், வேகம் இருந்தால்தான் பட்ட இடத்தில் செம்பு நுனி விரியும் என்பது இன்னொரு காரணம். என் தூரம் 150 கஜத்தைத் தாண்டுவதில்லை, அதனால் எனக்கு அந்தக் கவலை இல்லை.

மாறியதற்கு முழுக் காரணம் சமையலறை. பிரியாணியில் கடுகளவு ஈயத்துணுக்கு என் பையன் பல்லில் பட்டது. அன்றோடு வீட்டில் தீர்ப்பு. ஈயம் எலும்பில் பட்டு உடைந்தால் பொடிப்பொடியாகக் காயத்தைத் தாண்டியும் வெகுதூரம் சிதறும், முக்கால்வாசி கண்ணுக்கே தெரியாது. 2008இல் வடக்கு டகோட்டாவில் தானமாக வந்த மான்கறியில் ஈயம் இருக்கிறது என்று தெரிந்து, உணவு வங்கிகளைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது.

செம்பு அப்படி உடைவதில்லை. மூன்றாம் வருஷம் ஒரு கிழட்டு ஆண் பன்றி. தோள்மேல் கேடயம் மாதிரி விரற்கடைக்கு மேல் தடித்த தசைநார், சேறு, பிசின். இரண்டு தோள் எலும்பையும் துளைத்துப் போய், மறுபக்கம் தோலுக்கு அடியில் குண்டு நின்றிருந்தது. கழுவிப் பார்த்தால், எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு நாலாகக் கீறி வைப்போமே, அப்படி நாலு இதழும் விரிந்து, ஒன்றுகூட ஒடியாமல். நகை நிறுக்கும் தராசில் வைத்தேன்: 149 கிரெயின். என் பழைய ஈயக் குண்டு ஒன்று அதே மாதிரிப் பன்றியில் பாதிதான் மிஞ்சியது. பன்றிக்கு இதை மிஞ்சிய குண்டு இல்லை, எழுதியே தருகிறேன்.

மானில்தான் வயிற்றெரிச்சல்.

சனிக்கிழமை அந்தி, 110 கஜம், பெண் மான், பக்கவாட்டில் நிற்கிறது. தோளுக்குப் பின்னால், நுரையீரலில், எப்போதும் போல. ஒரு துள்ளு, வாலைச் சுருட்டிக்கொண்டு சீடர் (cedar) மரப் புதருக்குள் ஓடிவிட்டது. அடிபட்ட இடத்தில் நாலு மயிர், அவ்வளவுதான். ரத்தமே இல்லை. டார்ச் வைத்துக்கொண்டு கூன் போட்டு முப்பது தப்படி. சீடர் இலை ஒன்றில் இளஞ்சிவப்பாய் நுரை, சட்டைப் பொத்தான் அளவு. நுரை என்றால் நுரையீரல், மான் செத்திருக்கும் என்று தெரியும். எங்கே என்று தெரியாது. தூரத்தில் கயோட்டி, அதான் இந்த ஊர் நரி, அதன் ஊளை வேறு. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துக் கிடைத்தது, மான் அடிபட்ட இடத்திலிருந்து எண்பதே தப்படியில், நான் இரண்டு தடவை கடந்துபோன புதருக்குப் பின்னால். உள்ளே நுரையீரல் கூழ். உள்ளே போன ஓட்டை கொண்டைக்கடலை, வெளியே வந்தது ஐந்து ரூபாய்க் காசுகூட இல்லை.

நியாயமாகப் பார்த்தால் குண்டுமேல் தப்பில்லை. சொன்ன வேலையைச் செய்தது. உடையாமல் நேராகப் போவதுதான் அதன் குணம். அந்தக் குணத்துக்காகத்தான் வாங்கினேன். ஈயம் உள்ளே வெடித்து மொத்த பலத்தையும் கொட்டிவிடும், சின்ன உடம்பு மான் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே சரியும். செம்பில் ஆறு வருஷத்தில் அப்படி உடனே விழுந்தவை நாலோ ஐந்தோதான். மற்றதெல்லாம் ஓட்டம்.

தோளுக்குப் பின்னால் சுடாதே, தோள் எலும்பையே உடை என்பார்கள். சரி, மான் அங்கேயே விழும். ஒரு முன்னங்கால் கறி ரத்தம் கட்டிப் போய்விடும், அதையும் வெட்டி எறிய வேண்டும். புள்ளிமான் கறியில் கொழுப்பும் இல்லை, வாடையும் இல்லை; ஆட்டுக்கறி கெட்டது போங்கள். அதை எறிய மனசு வருமா? பன்றிக்கு இந்தக் கணக்கே வேறு: அதன் நெஞ்சு மானைவிடத் தாழ்ந்து, முன்னால் தள்ளி இருக்கிறது. முன்காலை ஒட்டிக் கீழே பார்த்தாலே தோள் வழியாகத்தான் போகும்.

இன்னொன்று. பழகின ஈயத் தோட்டாவை விட்டுச் செம்புக்கு மாறுகிறவர்கள் முதலில் குழலைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டு, குறிபார்க்கும் ஸ்கோப்பைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். எனக்கு நூறு கஜத்தில் மூன்று அங்குலம் தள்ளிப் போனது. விலையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

ஆக, தம்பி, நீ செம்பே வாங்கு. கைக்குழந்தை இருக்கிற வீடு, யோசிக்காதே. நான் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் 165 கிரெயின் ஈயம் இரண்டு டப்பா வாங்கி வந்துவிட்டேன். பன்றிக்கு மட்டும்தான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.