பாப்சிமியோஸ்: குரல்வளை மருக்களுக்கு வந்துள்ள ஊசி மருந்து பற்றி

எச்.பி.வி. எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸின் 6, 11 ஆகிய வகைகளால் குரல் நாண்களின் மேல் மருக்கள் முளைக்கும் அரிய நோய்க்கு, மயக்க மருந்து கொடுத்து லேசரால் அவற்றை அகற்றுவதும், அவை திரும்ப முளைத்தபின் மறுபடியும் அகற்றுவதுமே நெடுங்காலமாகச் சிகிச்சையாக இருந்துவந்தது. ஒவ்வொரு அறுவையும் விட்டுச்செல்லும் தழும்பு குரலைக் கரகரப்பாக்குகிறது. மருக்கள் பெருத்தால் மூச்சே அடைபடும். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அங்கீகரித்த பாப்சிமியோஸ்தான் இந்நோய்க்கு அங்கு அனுமதி பெற்ற முதல் மருந்து.

இம்மருந்தில் உள்ள, பெருகாதபடி மாற்றப்பட்ட கொரில்லா அடினோவைரஸ் (சளி போன்ற தொற்றுகளை உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது) ஒன்று, அவ்விரு எச்.பி.வி. வகைகளின் புரதக்கூறுகளை உடலுக்கு அறிமுகப்படுத்தி, தொற்றுள்ள செல்களைத் தேடி அழிக்க டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களைப் பழக்குகிறது. மனிதர்களிடம் பரவும் அடினோவைரஸ்களுக்குப் பலரின் உடலில் முன்பே எதிர்ப்பு இருக்கும் என்பதால், கொரில்லாவிடம் போனது கெட்டிக்காரத்தனமான தேர்வு. இது வந்த நோய்க்கான மருந்து. வராமல் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி வேறு.

தோலுக்கடியில் 12 வாரங்களில் நான்கு ஊசிகள் போடப்படுகின்றன. ஆனால் கத்தி உடனே ஓய்வதில்லை: முதல் ஊசிக்கு முன் கண்ணுக்குத் தெரியும் மருக்களை அகற்றிவிட வேண்டும், மூன்றாம், நான்காம் ஊசிகளுக்கு முன்பும் மரு தென்பட்டால் அவ்வாறே செய்ய வேண்டும். விளம்பரங்களில் இது முதல் வரியில் வந்திருந்தால் நன்றாக இருக்கும்.

சோதனையில், முந்தைய ஓராண்டில் குறைந்தது மூன்று அறுவைகள் செய்துகொண்டவர்களே சேர்க்கப்பட்டனர். உரிய அளவு மருந்து பெற்ற 35 பேரில் 18 பேருக்கு, சிகிச்சை முடிந்தபின் 12 மாதங்கள் அறுவையே தேவைப்படவில்லை. ஊசி போட்ட இடத்தில் வலி, களைப்பு, குளிர், காய்ச்சல் ஆகியவை பக்க விளைவுகளாகப் பதிவாயின. ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனை என்பது உண்மையான குறைதான், ஏனெனில் எப்போது அறுவை செய்வது என்பதை ஓரளவு மருத்துவரின் கணிப்பே தீர்மானிக்கிறது. இருந்தும், ஆண்டுக்கு மூன்று முறை மேசையில் படுத்தவர்களில் பாதிப்பேர் ஓராண்டு முழுவதும் படுக்காதிருந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. இன்றைய நிலையில் இம்மருந்தைப் பரிந்துரைக்கத் தயங்கமாட்டேன்.

எனக்கு மிஞ்சும் மனக்குறை வேறு. குழந்தைப் பருவத்தில் தொடங்கும் வகையே பெரும்பாலும் கடுமையாக இருக்க, சோதனையும் அங்கீகாரமும் வயது வந்தவர்களோடு நின்றுவிட்டன.