மலை ஏற எது முக்கியம்: ஜிம்மா, ஓட்டமா?

வெள்ளியங்கிரி போய் வந்தவர்களுக்குத் தெரியும்: ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது தொடை நடுங்கும். மூச்சுக்கு மருந்து ஓட்டம், தொடைக்கு மருந்து எடைப் பயிற்சி. சரி, ரெண்டையும் சேர்த்துச் செய்தால் ஒன்றையொன்று கெடுக்காதா?

1980ல் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். 10 வாரம், மூன்று குழு: எடை மட்டும், தாங்குதிறன் (ஓட்டம் போன்ற நெடுநேரப் பயிற்சி) மட்டும், இரண்டும். இரண்டையும் செய்தவர்களின் கால்பலம் ஏழெட்டு வாரம் ஏறி, பிறகு சரிந்தது. தாங்குதிறனுக்கு ஒரு குறையும் வரவில்லை. அடிவாங்கியது பலம்தான். ஆனால் அவர்கள் வாரத்தில் 5 நாள் எடை, 6 நாள் தாங்குதிறன் என்று செய்தவர்கள். வேலைக்குப் போகிற நமக்கு அவ்வளவுக்கு எங்கே நேரம்?

அப்புறம், எந்த மலை என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் ஆல்ப்ஸில் மோன் ப்ளாங்க் மலையைச் சுற்றும் யுடிஎம்பி ஓட்டப் பந்தயம் சுமார் 170 கிலோமீட்டர், ஏற்றம் மட்டுமே 10,000 மீட்டர் அளவுக்கு. கிளம்பிய ஷமோனி ஊரிலேயே முடிவதால் இறக்கமும் அதே அளவு. அங்கே மணிக்கணக்கில் ஓடிப் பழகிய உடம்புதான் முதல். அலாஸ்காவின் 6,190 மீட்டர் டெனாலி சிகரம் வேறு கதை. போர்ட்டர் கிடையாது, வாரக்கணக்கான சாப்பாடும் கூடாரமும் முதுகிலும் பின்னால் இழுக்கும் சறுக்குவண்டியிலும். அதற்கு முதுகும் இடுப்பும் பலமாக இல்லாவிட்டால் வெறும் ஓட்டக்காரர் திணறிப்போவார்.

என் கணக்கில், டெனாலிக்கே போனாலும் பெரும்பகுதி நேரம் தாங்குதிறனுக்குத்தான். எடைக்கு வாரம் இரண்டு நாள் போதும், ஆனால் கனமாக, ஒரு சுற்றுக்கு ஐந்தாறு தடவை. சின்ன எடையை முப்பது தடவை தூக்குவது வீண். அந்த வேலையை மலையே வாங்கிக்கொள்ளும். உடம்பு பருத்துவிடும் என்ற பயமும் வேண்டாம், இவ்வளவு ஓடுகிறவருக்குச் சதை சுலபத்தில் ஏறாது.

ஒரே ஒரு பயிற்சிதான் முடியும் என்றால் படியிறக்கம். முழங்கால் உயரப் பெட்டியில் ஒற்றைக்காலில் நின்று, மூன்று எண்ணுவதற்குள் மற்ற குதிகால் தரையைத் தொடும்படி மெல்ல இறங்கி, மேலே வரவேண்டும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. மறுநாள் மாடிப்படியில் வலிப்பது அதனால்தான். முட்டி உள்பக்கம் சாய்ந்தால் பெட்டியின் உயரத்தைக் குறையுங்கள்.

எடையைக் கடினமான ஓட்டம் இருக்கும் நாளிலேயே, சில மணி நேரம் தள்ளி வையுங்கள். லேசான நாள் லேசாகவே இருக்கட்டும். வாரத்துக்கு மூன்று நாள்தான் கிடைக்கிறதா? இரண்டு ஓட்டத்துக்கு, ஒன்று எடைக்கு.