பட்டியில் நாம்பனா, நைதரசன் கலனில் விந்தா?

இலங்கையில் திருகோணமலை மாவட்டத்து மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கத்துப் பட்டிகளில் நாட்டு மாடு இன்னும் கண்ணில் படுகிறது. அதனாலேயே அழிவு உறைப்பதில்லை. முதலில் தீர்ந்துபோவது பசு அல்ல, நாம்பன், அதாவது காளை. ஜேர்சி, சாஹிவால் போன்ற வெளியினக் கலப்பு நாம்பன் பட்டிக்குள் வந்ததும் நாட்டு நாம்பன் காயடிக்கப்படும், அல்லது இறைச்சிக்குப் போகும்.

நாட்டு இனத்தைக் காக்க, நாம்பனை உயிரோடு பட்டியில் வைத்திருப்பது செலவு குறைந்த வழி. ஆனால் எண்ணிக்கை முக்கியம். 50 பசுவுக்கு ஒரே நாம்பன் என்றால், மரபுக் கணக்கில் அது வெறும் 4 மாட்டுக்குச் சமம். தலைமுறைக்கு உட்கலப்பு (நெருங்கிய உறவுக்குள் இணைவது) 12.7% ஏறும். 5 நாம்பன் விட்டால் 18 மாட்டுக்குச் சமம், உட்கலப்பு 2.75%. மகள்கள் பருவத்துக்கு வருமுன் நாம்பன்களை வேறு பட்டியோடு மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வழியின் பலவீனத்தை 2022 டிசம்பர் காட்டியது: வடக்கிலும் கிழக்கிலும் குளிரில் நூற்றுக்கணக்கான மாடுகள் சில நாட்களிலேயே செத்தன.

திரவ நைதரசனில் உறைய வைக்கும் உறைவிந்துக்கு அந்தப் பயம் இல்லை. வேலைதான் நுணுக்கம். விந்து எடுக்கும் கருவியான செயற்கை யோனிக்குள் 42 முதல் 45 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். குறைந்தால் நாம்பன் விந்து விடாது. எடுத்த குழாயை உடனே 35 பாகை வெந்நீரில் நிறுத்த வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் விந்தணு அதிர்ச்சியில் சாகும். டிரிஸ் என்னும் காப்புக் கரைசலில் 20% முட்டை மஞ்சட்கரு, 7% அளவு கிளிசரோல் கலந்து, மெதுவாக 5 பாகைக்கு இறக்கி, 4 மணிநேரம் வைத்து, 0.25 மில்லிலீற்றர் ஸ்ட்ரோவில் (மெல்லிய பிளாஸ்டிக் குழலில்) 2 கோடி விந்தணு வீதம் அடைக்க வேண்டும். நைதரசன் ஆவியில் 10 நிமிடம் பிடித்த பிறகுதான் திரவத்துக்குள் அமிழ்த்தலாம். உருக்கிப் பார்க்கையில் 40 சதவீதமாவது நீந்தாவிட்டால் அந்தத் தொகுதியைக் கழித்துவிடுங்கள். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டு மாதம் பிடிக்கும். ஆகவே ஆடி, ஆவணி வெயிலில் வாடிய நாம்பனிடம் புரட்டாசியில் எடுப்பது வீண்.

கலனில் நைதரசன் வற்றினால் எல்லாம் போச்சு. மறுபடி ஊற்றி வைத்தால் ஸ்ட்ரோ பார்வைக்கு நல்லதாகவே இருக்கும், உள்ளே உயிர் இருக்காது. வாரம் ஒருமுறை அளவுகோல் விட்டுப் பார்ப்பதும், சேமிப்பை இரண்டு ஊர்களில் பிரித்து வைப்பதும் அதற்காகத்தான்.

இன்னொன்று: விந்து பாதி இனம்தான். நாட்டுப் பசு அற்றுப்போனால், வேற்றினப் பசுவில் தொடங்கி ஐந்து தலைமுறை இந்த விந்தால் சினைப்படுத்தினால்தான் நாட்டு மரபு 96.9% திரும்பும், அதற்கு இருபது வருடம்வரை போகும். காட்டோரம் மேயும் பட்டியில் வேட்கை பெரும்பாலும் இரவில் வந்து, விடியுமுன் தணிந்துவிடும். யார் கண்டுபிடித்து ஊசி போடுவது? அன்றாடச் சினைக்கு ஸ்ட்ரோவை நம்பக் கூடாது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. இறைச்சிக்குப் போகும் நாம்பனின் விரையை விதைப்பையோடு சேர்த்து, பனிக்கட்டியில் நேரே படாமல் 5 பாகையில் வைத்து, 24 மணிநேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்த்தால், விரைமேவியின் (விரையை ஒட்டிய, விந்தணு தங்கும் குழாயின்) வால்பக்கத்திலிருந்து விந்தணு எடுத்து உறைய வைக்கலாம். பழகாத காட்டு நாம்பனுக்கு இதுவே வசதி.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால் நாம்பனுக்கே கொடுப்போம். ஆனால் ஒன்றுக்கொன்று உறவில்லாத 25 நாம்பன் உயிரோடு கிடைக்கும்போதே ஸ்ட்ரோவையும் நிரப்பிவிட வேண்டும். ஐந்தே நாம்பன் மிஞ்சிய பிறகு எத்தனை ஆயிரம் ஸ்ட்ரோ அடைத்தாலும், உள்ளே இருப்பது அந்த ஐந்தின் மரபுதான்.