கியர் சைக்கிள், பல வருஷ ஓட்டத்துக்கு அப்புறம்: வீட்டுக்காரர் டூர்ல கொஞ்ச தூரம் கூடப் போறவளோட அனுபவம்

எடுத்ததும் ஒண்ணு சொல்லிடறேன், டூர் போறவரோட கொஞ்ச தூரம் கூடப் போறதுக்கு சைக்கிள் வாங்குறீங்கன்னா ஸ்பீடு, வெயிட், கலரு இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அவரோட சைக்கிளுக்கும் உங்க சைக்கிளுக்கும் ஒரே டியூப், ஒரே வால்வு, ஒரே ஸ்பேனர் செட்டு ஆகுதான்னு மட்டும் மொதல்ல பாருங்க.

எங்க வீட்டுக்காரர் பொங்கல் முடிஞ்ச கையோட வேலூர்ல இருந்து கன்னியாகுமரிக்குக் கிளம்பிடுவாரு. திருச்சி வழியா மதுரை வரைக்கும் என்எச் 38-ஐப் புடிச்சு இறங்குறதுதான் ரூட்டு. நான் திருவண்ணாமலை வரைக்கும், 80 கிலோமீட்டர் சொச்சம். அவர் போற தூரத்துக்கு இது எட்டுல ஒரு பங்கு, ஏதோ வழியனுப்ப வாசல் வரைக்கும் வர்ற மாதிரின்னு கிண்டல் பண்ணுவாரு, பண்ணட்டும். ஆனா அந்த எட்டுல ஒரு பங்குல என் வண்டி படுத்துச்சுன்னா அவரோட மொத்த ப்ளானும் படுத்துடும், அதனாலதான் ஸ்பேர் விஷயத்துல நான் இவ்ளோ புடிவாதம்.

சைக்கிள் ஹைபிரிட் டைப், அதாவது ரேஸ் சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவுல. பார் உயரம் கம்மியா இருக்குற லேடீஸ் ப்ரேம், 700க்கு 35 டயர், முன்னாடி மூணு பின்னாடி ஏழு கியர், பிரேக் சாதா ரிம் பிரேக், கட்டை ரெண்டும் வீல் வளையத்தைப் புடிக்குமே அது. கடையில டிஸ்க் பிரேக் எடுங்கம்மா அதான் இப்ப ஓடுதுன்னாங்க, நான் வேணாம்னுட்டேன். ரிம் பிரேக் கட்டை நம்மூர்ல சைக்கிள் கடைன்னு போர்டு வெச்ச எந்தக் கடையிலயும் கிடைக்கும், டிஸ்க் பேடு அப்படி இல்ல, மாடலுக்கு மாடல் வேற, ஆன்லைன்ல போட்டுட்டு காத்துக் கெடக்கணும். மழையில ரிம் பிரேக் கொஞ்சம் வழுக்கும், உண்மைதான், பொங்கலுக்கு அப்புறம் நம்ம பக்கம் எங்க மழை?

வால்வு கதைதான் பெருசு. மூணு வகை வருது, நம்ம பழைய சைக்கிள்ல இருக்குற சாதா வால்வு, பைக்ல இருக்குற தடி வால்வு, அப்புறம் ரேஸ் சைக்கிள்ல வர்ற ஒல்லி பிரெஸ்டா. பிரெஸ்டா ரிம்முல ஓட்டை சின்னது, தடி வால்வு டியூப் அதுல நுழையவே நுழையாது. தடி வால்வு ரிம்முல பிரெஸ்டா டியூபை அவசரத்துக்கு ஒரு வாஷர் வெச்சு ஒப்பேத்திடலாம். நாங்க ரெண்டு பேரும் தடி வால்வுதான், பெட்ரோல் பங்க்ல காத்து புடிக்கலாம், பங்க் பையன் பைக்குக்கு அடிக்கிற மாதிரி முப்பதுல நிறுத்திடுவான், தம்பி அறுபது வைப்பான்னு ஒவ்வொரு தடவையும் சொல்லணும், அவன் நம்பாம டயரையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்தி பாப்பான்.

பஞ்சர்னா கண்ணமங்கலம் தாண்டி சந்தவாசல் வர்ற வரைக்கும்தான் பயம். ரோட்டு ஓரத்துல சீமைக் கருவேலம் வெட்டிப் போட்டுருப்பாங்க, லாரிக்கு வழிவிட்டு ஓரத்துக்கு இறங்குனா முள்ளு உறுதி. ஒரு தடவை சந்தவாசல் கிட்ட பஞ்சர் கடைக்காரர் டியூபை இரும்புத் தட்டுத் தண்ணியில முக்கி முட்டை விடுற எடத்தைக் காட்டிட்டு, டயரு உள்பக்கம் விரலை சுத்த விட்டு ஒரு எடத்துல நிறுத்தி, குறடு வெச்சு இழுத்தா அரை இஞ்சு முள்ளு. "இன்னாம்மா, இத்த எடுக்காம நீ புது டியூபு போட்டாலும் அதுவும் போச்சு"ன்னாரு. அதுல இருந்து டயருக்குள்ள லைனர் பட்டை போட்டு ஓட்டுறேன், கொஞ்சம் வெயிட்டு கூடுது, பஞ்சர் ரொம்பவே குறைஞ்சிடுச்சு.

கியர் பத்தி. முன்னாடி சின்ன சக்கரம் 28 பல்லு, பின்னாடி பெரிய சக்கரமும் 28, அதாவது பெடல் ஒரு சுத்து சுத்தினா வீலும் ஒரே சுத்து. திருவண்ணாமலை ரோட்டுக்கு இது தாராளம், ரோடு பெரும்பாலும் சமதளம். ஆனா அவர் பெங்களூர் பக்கம் போன வருஷம் நான் பேரணாம்பட்டு தாண்டி பத்தலப்பல்லி மலைப்பாதையில கூட ஏறுனேன், முட்டி கதறிடுச்சு. வந்ததும் பின்னாடி 34 பல்லு செட்டு மாத்தினேன், கடைக்காரர் செயினையும் சேத்து மாத்துங்க, பழைய செயின் புது பல்லுல ஏறி ஏறி குதிக்கும்னாரு, சரியான பேச்சு.

சீட்டுதான் இந்த வண்டியில மட்டமான ஐட்டம். அகலமா மெத்து மெத்துன்னு ஜெல் சீட்டு, கடையில உக்காந்து பாத்தப்ப சோபா மாதிரி இருந்துச்சு, முப்பது கிலோமீட்டர் தாண்டினா தொடை உரசி உயிர் போகும். கொஞ்சம் குறுகலா கெட்டியா ஒண்ணு போட்டு, சுடிதார் பேண்டுக்குள்ள பேட் வெச்ச ஷார்ட்ஸ் போட்டதும் போளூர் வரைக்கும் சீட்டு நினைப்பே வரல. முழு செயின் கவர் இருக்குற மாடலா பாருங்க, என்னுதுல பாதிதான், துப்பட்டாவை வீட்டுலயே வெச்சிட்டுப் போறேன்.

ஓட்டுற முறைக்கு வர்றேன். அவர் வண்டியில பை, டென்ட்டுன்னு இருபது கிலோ, மணிக்கு பதினஞ்சு பதினாறு கிலோமீட்டர்தான் போவாரு, எனக்கும் அதான் வரும். நான் முன்னாடி, அவர் பின்னாடி, மெதுவா போற ஆள் முன்னாடி இருந்தாத்தான் யாரும் யாரையும் தேட வேண்டியதில்ல. பக்கத்துல பக்கத்துல பேசிட்டே போறதெல்லாம் அந்த ரோட்டுல வேணாம். பேச்செல்லாம் கூழ்கடை நிழல்ல, மோர் மிளகாய் கடிச்சிட்டு. விடிய முன்ன அஞ்சு மணிக்குக் கிளம்பினா வெயில் ஏறுறதுக்குள்ள போளூர், அங்க டிபன் முடிச்சா கலசப்பாக்கம் வரைக்கும் தெம்பு தாங்கும்.

பௌர்ணமி அன்னிக்கு மட்டும் போகாதீங்க, கிரிவலத்துக்குப் போற பஸ்ஸும் வேனும் ஓரத்துல இருக்குற நம்மள கண்டுக்காது, திருவண்ணாமலைல ரூமும் கிடைக்காது. ஆடி வெள்ளிக்கும் அதேதான், படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குத் திரும்புற கூட்டம் சந்தவாசல்லயே மொய்க்கும், போதாததுக்கு ஆடிக் காத்து வேற.

திரும்பி வர்றதுக்கு விழுப்புரம் காட்பாடி லைன்ல ரயில் இருக்கு, வேலூர் கன்டோன்மென்ட்ல இறங்கலாம். சைக்கிளை லக்கேஜா புக் பண்ண முடியுமான்னு ஸ்டேஷன்ல முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கோங்க, எல்லா ஸ்டேஷன்லயும் எல்லா வண்டியிலயும் ஏத்த மாட்டாங்க. பஸ்ஸுன்னா கண்டக்டர் மனசு வெக்கணும். எனக்கு ரெண்டுமே ஒத்து வராத நாள்ல அங்கயே தங்கிட்டு மறுநாள் காலைல தனியா ஓட்டிட்டு வந்துடுவேன். அப்படி வர்ற நாளைக்கு எக்ஸ்ட்ரா டியூப் என் பைக்குள்ள வந்துடும், அவருக்கு இன்னொண்ணு இருக்கான்னு கேட்டுட்டுத்தான் எடுப்பேன்.