ரெட் லேடி பப்பாசி விதை என்று 25,500 ரூபா கொடுத்து ஏமாந்தேன். தோட்டக்காரர் கவனம்

இன்று காலமை 57 பப்பாசி மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். கையெல்லாம் பால் பட்டு அரிக்கிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ, ஆனால் கடைசிவரை வாசியுங்கோ. இந்த மாரிக்கு நட்டவர்கள் இன்னும் எத்தனை பேர் இதே விதையை வாங்கியிருப்பார்களோ தெரியாது.

போன ஆவணியில், நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம், யாழ்ப்பாணம் உரும்பிராயில் எங்களுடைய நாலு பரப்புச் செம்மண் காணியில் பப்பாசி போடுவோம் என்று முடிவெடுத்தேன். அப்பா இருந்த காலத்தில் அதில் வெங்காயமும் புகையிலையும்தான். அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த காசைத் தந்தா. பட்டணத்துக்குள் இருக்கிற ஒரு விவசாயப் பொருள் கடைக்குப் போனேன். கடையின் பேரைப் போடவில்லை. போட்டால் வேறு பிரச்சினை வரும் என்று மாமா சொல்கிறார். மருந்து, பசளை, விதை, ஸ்பிரே ராங்கி எல்லாம் விற்கிற கடை என்று மட்டும் சொல்கிறேன்.

முதலாளிக்கு ஒரு ஐம்பத்தைந்து வயது இருக்கும். "வாங்கோ தம்பி, இருங்கோ" என்று கதிரை போட்டுத் தந்தார். ரெட் லேடி வேணும் என்றேன். தாய்வான் கொம்பனியின் படம் போட்ட டின் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். டின் ஏற்கெனவே உடைத்திருந்தது. "முழு டின் வாங்கினால் உங்களுக்குக் கட்டாது தம்பி, நான் பிரிச்சு நூறு நூறாய்ப் போட்டு வைச்சிருக்கிறன்" என்று மூன்று சின்னப் பொலித்தீன் பையைக் காட்டினார். ஒன்று 8,500. மூன்று 25,500 ரூபா.

எனக்குக் கொஞ்சம் யோசனையாய்த்தான் இருந்தது. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். உடனே ஒரு வெள்ளைத் தாளை விரித்து ஒரு பையைக் கொட்டினார். விதை எல்லாம் நல்ல கறுப்பு, மேல் சுருங்கி, மிளகு மாதிரி. "தரமான விதைக்கு நிறத்தைப் பாருங்கோ தம்பி, மண்ணிறம் ஒண்டும் இல்லை." பிறகு சில்வர் டம்ளரில் தண்ணீர் எடுத்துப் பத்து விதையைப் போட்டார். பத்தும் அடியில் போய் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு விதையை நகத்தால் தள்ளிக் காட்டி, "இஞ்ச பாருங்கோ, முனை கூராய் இருக்கு. இது பெண். உருண்டையாய் இருந்தால் ஆண். நான் இருந்து பொறுக்கித்தான் பையிலை போடுறனான்" என்றார்.

நம்பிவிட்டேன். அந்த மனிசன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு விதையாய்த் திருப்பித் திருப்பிக் காட்டின விதத்தில் நம்பினேன். அப்பாவும் பூசணி விதையைப் பொறுக்கும்போது இப்படித்தான் குனிந்து இருப்பார். தாளில் கிடந்த விதையில் இலேசாய் அடுப்புச் சாம்பல் மணம் வந்தது. அப்போதே எழும்பி வந்திருக்க வேண்டும். பழத்திலிருந்து எடுத்த பப்பாசி விதையின் மேல் வழுவழு என்று ஒரு தோல் இருக்கும்; அது இருந்தால் முளைப்பு பிந்தும் என்றுதான் வீட்டில் சாம்பல் போட்டுக் கசக்கிக் கழுவுவோம். கொம்பனி டின்னில் வந்த விதையில் சாம்பல் மணம் ஏன் வரவேண்டும்?

"எல்லாம் காய்க்கும், குழிக்கு ஒரு கன்று போதும்" என்றும் சொல்லித்தான் அனுப்பினார். வீட்டில் வந்து எண்ணினால் 300 இல்லை, 287. அதற்கே ஃபோன் எடுத்தேன். "எண்ணேக்கை ஒண்டு ரெண்டு தவறும் தம்பி." பதின்மூன்றையும் ஒன்று ரெண்டு என்றார். அதையும் விட்டுவிட்டேன்.

பைக்கு இரண்டு விதை போட்டு, நல்ல கன்றை விட்டு மற்றதைக் கிள்ளி, ஐப்பசி மழையோடு 8 அடிக்கு 8 அடி இடைவெளியில் 140 குழியில் நட்டேன். ஒரு ட்ராக்டர் பெட்டி சாணி, குழி வெட்டினவர்களுக்குக் கூலி, மழை விட்ட நாட்களில் கிணற்றிலிருந்து இறைப்பு. கார்த்திகை வெள்ளத்தில் வேர் அழுகக்கூடாது என்று இரவில் டோர்ச் பிடித்துக்கொண்டு வாய்க்கால் வெட்டினேன்.

பொங்கலுக்கு அடுத்த நாள் முதல் பூ. பூவைக் கண்டதும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா கிட்டப் போகவில்லை, வரப்பிலேயே நின்றா. "தம்பி, இது ஆண் பூவெல்லோ" என்றா. முழ நீளத்துக்குக் காம்பு தொங்குகிறது, அதில் மல்லிகை மொட்டு மாதிரிக் கொத்துக் கொத்தாய்ப் பூ. அடுத்த மரமும் அப்படி. அதற்கு அடுத்ததும். இரண்டு கிழமையில் எண்ணி முடித்தேன்: 140இல் 63 ஆண், காய்க்காத மரம். மற்ற 77இலும் தண்டோடு ஒட்டின உருண்டைப் பிஞ்சு.

விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்த உடனேயே சொன்னார், இது ரெட் லேடி இல்லை என்று. ரெட் லேடியில் வருவது இருபாற் பூ (ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும்) மரமும் பெண் மரமும்தான். இருபால் மரத்தில் காய் நீளமாய் வரும், பெண் மரத்தில் உருண்டையாய் வரும். ஆண் மரம் வரவே வராது. பாதிக்குப் பாதி ஆணும் பெண்ணுமாய் வந்தால் அது ஆரோ வளவில் நின்ற நாட்டுப் பப்பாசியின் விதை. 25,500 ரூபாவுக்கு நாட்டு விதை! நாட்டு விதை என்று தெரிந்திருந்தால் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூ வந்ததும் ஆணைப் பிடுங்கி ஒரு பெண்ணை விட்டிருக்கலாம். இவ்வளவு குழி வெறுமையாய்ப் போயிராது.

விதையின் வடிவத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று ஒருவராலும் சொல்ல ஏலாது என்பதையும் அவர்தான் சொன்னார். பூ வந்தால்தான் தெரியும், அதற்கு முதல் தெரிய வேண்டும் என்றால் ஆய்வுகூடத்தில் மரபணுவைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் தாழ்ந்தால் விதை பதர் இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். என்ன இனம் என்பதைத் தண்ணீர் சொல்லாது. நாட்டு விதையும் கறுப்பு, ரெட் லேடியும் கறுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் எனக்கோ உங்களுக்கோ வித்தியாசம் தெரியாது.

கடைக்குப் ஃபோன் எடுத்தேன். "பசளை கூடிப்போச்சு தம்பி, யூரியா கூடினால் ஆணாய்ப் போகும்." நான் யூரியா போடவே இல்லை என்றேன். "அப்ப வெயில்." தை மாதப் பனிக்குள் என்ன வெயில்? கடும் வெயிலில் இருபால் மரத்தில் சில பூ ஆண் பூவாய் மாறுவது உண்மைதானாம். ஆனால் அதற்காக முழ நீளக் காம்பு தொங்கி 63 மரம் அடியோடு ஆணாய்ப் போகாது.

நேரில் போனேன். கதிரை போடவில்லை. பில்லைக் காட்டினேன். "இதிலை ரெட் லேடி எண்டு எழுதியிருக்கோ?" என்று கேட்டார். உண்மைதான். பில்லில் 'விதை 3 பக்கெற், 25,500' என்று மட்டும்தான் இருக்கிறது. எழுதினது அவர், என்னைக் கேட்கிறார்! பக்கத்தில் நின்ற வேலைப் பெடியன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "நாங்கள் வாங்கி விக்கிறனாங்கள் மட்டும்தான், கொம்பனியோடை கதையுங்கோ" என்றார். அடுத்த முறை போனபோது முதலாளி கொழும்புக்குப் போட்டாராம். அதற்கடுத்த முறை, 2,000 ரூபாவுக்குக் கத்தரி விதையும் கீரை விதையும் தாறன், பிரச்சினையை விடுங்கோ என்றார்கள். 25,500 எங்கே, 2,000 எங்கே? இப்போது என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

காசு திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற ஃபோன் நம்பருக்கு எடுத்து முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது, அதன் கீழ் என்ன செய்யலாம் என்று போதனாசிரியர் விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

வாங்கப் போகிறவர்களுக்கு நிறைய எழுத நினைத்தேன், கை எரிகிறது, அவசரமாய்ச் சொல்கிறேன். உடைத்த டின்னிலிருந்து பிரித்துத் தருவதை வாங்காதேங்கோ, எவ்வளவு மலிவு என்றாலும். சீல் உடையாத பக்கெற்றில் லொட் நம்பர், முளைதிறன், காலாவதித் திகதி இருக்க வேண்டும். பில்லில் இனத்தின் பேரையும் லொட் நம்பரையும் எழுதாமல் காசு குடுக்காதேங்கோ. காய் பிடிக்கும் மட்டும் வெறும் பக்கெற்றை எறியவேண்டாம். சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற நம்பருக்கு முதலே ஃபோன் எடுத்துக் கேளுங்கோ. விதையைக் கண்ணால் பார்த்து இனம் சொல்லுகிற கடையில் நிற்கவே நிற்காதேங்கோ.

63 ஆணில் மகரந்தத்துக்கு ஆறு மரத்தைப் பரவலாய் விடச் சொன்னார் போதனாசிரியர். 57ஐயும் வெட்டியாயிற்று. அம்மா இன்னும் தோட்டத்துக்குள்தான் நிற்கிறா, வெட்டின குழிகளில் மிளகாய்க் கன்று வைக்கலாமோ என்று பார்த்துக்கொண்டு. அந்த மூன்று வெறும் பையில் ஒன்று என்னிடம் இருக்கிறது. அந்தக் கடையில் போன ஆவணி, புரட்டாதியில் இதே மாதிரிப் பையில் பப்பாசி விதை வாங்கினவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கோ, சேர்ந்து போவோம்.